மலையிலிருந்து பல்கலைக்கழக அணிக்கு: விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர நினைக்கும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் ஓடத் தெரிந்த, பந்து உதைக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர்ந்து, பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஜெர்சி போட்டு வெளி மாநிலம் போய் வந்தவர்கள் மிகக் குறைவு. திறமைக்குப் பஞ்சம் இல்லை. எந்தத் தாளை யாரிடம் எப்போது வாங்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. என் தங்கை 3,000 மீட்டர் ஓடுபவள். அவளைக் கல்லூரியில் சேர்த்து, பல்கலைக்கழகத் தேர்வு வரை கொண்டுபோவதற்குள் வீட்டில் எல்லோரும் அலைந்து களைத்துவிட்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கூடலூர், குன்னூர், கோவை என்று எங்கே சேர்ந்தாலும் நடைமுறை பெரும்பாலும் இதுதான். நீலகிரி, கோவை, திருப்பூர், ஈரோடு நான்கு மாவட்டக் கலைக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகம் பாரதியார்தான். கொடைக்கானல் பக்கத்துப் பெண்களுக்கு அங்கேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர்தான் மாறும், தாள்கள் மாறாது.

1. ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு கோப்பு போடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு சான்றிதழ் தேடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. அப்போது காலம் கடந்துவிடும். பொறியியல் படிப்புக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாங்கிய சான்றிதழ்களைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். கலைக் கல்லூரிகளிலும் பழைய சான்றிதழைவிடச் சமீபத்தியதற்கே மதிப்பு. எட்டாம் வகுப்பில் வாங்கிய மெடல் வீட்டுச் சுவருக்கு அழகு, சேர்க்கைக்கு உதவாது.

எந்தச் சான்றிதழ் எடுபடும்? போட்டியை யார் நடத்தினார்கள், எந்த மட்டத்தில் நடத்தினார்கள் என்ற இரண்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம் என்று ஏறி மாநிலம் வரை போகும். அதற்கும் மேலே இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, அதாவது எஸ்.ஜி.எஃப்.ஐ., நடத்தும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி. இது ஒரு பாதை. மாவட்ட, மாநில விளையாட்டுச் சங்கங்கள் நடத்தும் சாம்பியன்ஷிப் இன்னொரு பாதை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை மூன்றாவது. இந்த மூன்றிலும் பெயர் கொடுத்து வையுங்கள். ஒன்றில் அந்த ஆண்டு தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

நம் மலையில் ரொம்பப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்கு, இடையே நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது, எவ்வளவு கடுமையாக ஆடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அங்கே சிறந்த ஆட்டக்காரர் பரிசு வாங்கியவன் எந்தக் கல்லூரி அணியிலும் ஆடுவான். ஆனால் அந்தச் சான்றிதழை மேசையில் வைத்தால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அதே பையன் பள்ளி அணியில் சேர்ந்து மாவட்டப் போட்டியில் ஒரு முறை ஆடியிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. அதனால் ஊர்ப் போட்டி ஆடுங்கள், ஆனால் பி.டி. சார் கூப்பிடும்போது 'அது வேண்டாம் சார், எங்க ஊர் மேட்ச் இருக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதைவிட மோசமான வலை, காசு வாங்கிக்கொண்டு நடத்தும் 'நேஷனல்'. கோவாவிலோ டெல்லியிலோ போட்டி, ஆளுக்கு இத்தனை ஆயிரம் கட்டுங்கள், மெடலோடு திரும்புவீர்கள் என்று யாராவது பேசினால் உடனே ஒதுங்கிவிடுங்கள். அந்தச் சங்கம் மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த கூட்டமைப்பின் கீழ் வருகிறதா என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டால் நிமிடத்தில் தெரிந்துவிடும். கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பிவிட்டு, கடைசியில் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று கேட்டு உடைந்துபோன பெற்றோரை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த முகம் மறக்காது.

2. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே சரிபாருங்கள்

என் தங்கையின் மாநிலப் போட்டிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருந்தது, மதிப்பெண் பட்டியலில் பின்னால். பிறந்த தேதியில் ஒரு எண் வேறாக இருந்தது. சரிபார்த்தவர் தாளை ஜன்னல் பக்கம் திருப்பி முத்திரையைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். 'இது இதே பொண்ணுதான்னு எழுதி வாங்கிட்டு வாங்க' என்று திருப்பிக் கொடுத்தார். எழுதித் தர வேண்டிய அலுவலகம் மலையில் இல்லை. அன்றைக்கே கீழே இறங்க வேண்டியதாயிற்று.

அதனால் பரிசு மேடையை விட்டு இறங்கியதுமே நான்கு விஷயம் பாருங்கள். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். பிறந்த தேதி சரியாக இருக்க வேண்டும். போட்டியின் பெயர், இடம், தேதி, எந்தப் பிரிவு, என்ன இடம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 'கலந்துகொண்டார்' என்பதற்கும் 'இரண்டாம் இடம்' என்பதற்கும் மதிப்பு வேறு. கையொப்பமும் முத்திரையும் இரண்டும் இருக்க வேண்டும். தவறு இருந்தால் அந்த மைதானத்திலேயே திருத்தித் தருவார்கள். ஊருக்கு வந்துவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

லேமினேட் செய்யாதீர்கள். மழைக்கும் ஈரத்துக்கும் பயந்து நம் ஊரில் எல்லோரும் செய்கிற வேலை இது. லேமினேட் செய்த தாளில் பின்பக்கம் மேலொப்பம் போட முடியாது, முத்திரை அசலா என்று பார்ப்பதும் கஷ்டம். பிளாஸ்டிக் உறை உள்ள கோப்பில் வைத்து, அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டு பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அவ்வப்போது எடுத்து வெயில் காட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைப்பது இன்னும் நல்லது.

3. மற்ற தாள்கள்

பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள், வங்கிக் கணக்குப் புத்தகம். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய்.

பழங்குடியினர் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோருக்கும் சாதிச் சான்றிதழ் தாசில்தாரிடம் முடியாது, கோட்டாட்சியர்தான் தருவார். விசாரணை உண்டு, நாள் பிடிக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். பந்தலூர் பக்கம் நன்றாக ஓடுகிற பிள்ளைகள் இந்த ஒரே தாளால் நிற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

எல்லாத் தாளிலும் அசலோடு ஐந்து ஜெராக்ஸ் செட் எடுத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு நாளில் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

4. விண்ணப்பம்: ரிசல்ட் வந்த வாரமே

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையத்தில்தான், டி.என்.காசா (TNGASA) என்று சொல்லும் தளத்தில். மே முதல் வாரத்தில், பிளஸ் டூ முடிவு வெளியாகும் சமயத்தை ஒட்டித் திறப்பார்கள். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், மொத்தம் 50. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகள் வரை தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் நெட் எடுக்கவில்லை என்றால் அரசு கல்லூரிகளில் சேர்க்கை உதவி மையம் இருக்கும், அங்கே உட்கார்ந்து போட்டுத் தருவார்கள். பிரவுசிங் சென்டரில் நூறு இருநூறு கொடுக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவு என்று ஒரு பகுதி வரும். அங்கே விளையாட்டு என்பதைக் குறிக்க வேண்டும். மற்றவர் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இடம்தான். அதை விட்டால் எவ்வளவு பெரிய சான்றிதழ் இருந்தாலும் சிறப்புப் பட்டியலில் பெயர் வராது. சமர்ப்பிக்கும் முன் பிரிவியூ பக்கத்தில் அந்த ஒரு வரியை உங்கள் கண்ணால் பாருங்கள், அப்புறம் பிரிண்ட் எடுங்கள்.

ஊட்டி ஒன்றையே நம்பி இருக்க வேண்டாம். கோவையில் சில தனியார், உதவிபெறும் கல்லூரிகள் விளையாட்டுக்கென்றே பெயர் பெற்றவை. ரிசல்ட்டுக்கு முன்பே, ஏப்ரல், மே மாதங்களில் செலக்‌ஷன் டிரையல்ஸ் வைப்பார்கள். தேறினால் கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு என்று பேசுவார்கள். பேசியதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் ஆண்டு மட்டுமா மூன்றாண்டுக்குமா, காயம் பட்டு ஒரு சீசன் ஆட முடியாமல் போனால் சலுகை நிற்குமா என்று கேட்கத் தயங்க வேண்டாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் பிள்ளையை விடாமல் இருப்பதே நல்லது.

பொறியியல் போகிறவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் 500 இடங்கள் உண்டு. அது இந்தக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் வராது. பொறியியல் விண்ணப்பம் தனி, சான்றிதழ் சரிபார்ப்பும் தனி. விளையாட்டையே படிப்பாக எடுக்க நினைப்பவர்கள் சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

5. சிறப்புக் கலந்தாய்வு: சீசன் நெரிசலைக் கணக்கில் எடுங்கள்

மே கடைசி அல்லது ஜூன் முதல் வாரத்தில், பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்குக் கலந்தாய்வு வரும். இரண்டு மூன்று நாள்தான். எஸ்.எம்.எஸ். வரும் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் வீடு இருக்கும் பள்ளத்தில் சிக்னல் கிடைத்தால்தான் செய்தி. கல்லூரித் தளத்தையும் அறிவிப்புப் பலகையையும் தினமும் ஒரு தடவை பாருங்கள்.

அந்த நேரம் ஊட்டியில் சீசன் நேரம். மலைப்பாதையில் ஒருவழிப் போக்குவரத்து வைத்து, மேலே வருகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் கீழே போகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்தில் போகிற ஊருக்கு மூன்று மணி நேரம் ஆகும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்துப் பிள்ளைகள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், முடிந்தால் முந்தின நாளே ஊட்டியில் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரி இருக்கும் கல் பங்களா வளாகத்துக்குள் நுழைந்ததும் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் நேராக உடற்கல்வித் துறை எங்கே என்று கேளுங்கள். சான்றிதழ்களை மட்டத்தின்படி அடுக்கிக்கொள்ளுங்கள், பெரியது மேலே. தேசியம், மாநிலம், மாவட்டம் என்ற வரிசை. இருபது தாளைக் குவித்துக் காட்டுவதைவிட நல்ல மூன்றைக் காட்டுவது மேல். எந்த மேஜர், அதாவது முதன்மைப் பாடம், வேண்டும் என்று முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பம் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள். அங்கே யோசிக்க நேரம் தரமாட்டார்கள்.

இதில் இடம் கிடைக்கவில்லை என்றாலும் கதவு அடைபடவில்லை. மதிப்பெண் அடிப்படையில் பொதுக் கலந்தாய்வுக்குப் போகலாம். பொதுப் பிரிவில் சேர்ந்தாலும் கல்லூரி அணியில் ஆடலாம், பல்கலைக்கழக அணிக்கும் போகலாம். ஒதுக்கீடு நுழைவுக்கு மட்டும்தான்.

6. செலவு எவ்வளவு ஆகும்

அரசு கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சேர்ந்த உடனே கல்லூரி அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆதார் இணைக்காத கணக்காக இருந்தால் பணம் வராது. என் தங்கைக்கு அந்தப் பணம்தான் முட்டை, பால், பஸ் செலவுக்கு.

செலவு வைப்பது ஷூவும் பயணமும். ஓட்டக்காரர்களுக்கு ஆரம்ப நிலை ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஷூ) 2,000 ரூபாயை ஒட்டி வரும். தினசரிப் பயிற்சிக்குச் சாதாரண ரன்னிங் ஷூ தனியாக வேண்டும், ஸ்பைக்ஸ் போட்டுத் தார் ரோட்டில் ஓடினால் ஒரு மாதம் தாங்காது. மாநில, தேசிய அளவில் போகிறவர்கள் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு உபகரணம், பயண உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

7. சேர்ந்த முதல் மாதம்

வகுப்பு தொடங்கியதும் உடற்கல்வி இயக்குநரைப் பார்த்துப் பெயர் கொடுங்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று இருந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் ஆகஸ்டில் ஆரம்பித்து அந்த செமஸ்டர் முழுக்க ஓடும். போட்டிக்கான நுழைவுப் படிவத்தில் போட்டோ ஒட்டி, மதிப்பெண் பட்டியல் நகல் வைத்து, முதல்வர் கையொப்பம் வாங்க வேண்டும். கடைசித் தேதிக்குப் பின் பல்கலைக்கழகத்தில் வாங்கமாட்டார்கள்.

பயிற்சிக்கு ஊட்டி ஹெச்.ஏ.டி.பி. மைதானம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இது பெரிய சொத்து. மெல்லிய காற்றில் பழகிய நுரையீரலுக்குக் கீழே ஓடுவது எளிது. மேலே ஓடும்போது கடிகாரத்தில் நேரம் அதிகமாகக் காட்டுகிறதே என்று மனம் தளராதீர்கள். 5,000 மீட்டர் போன்ற ஓட்டத்தில் இந்த உயரத்தில் யாருக்கும் நேரம் கூடத்தான் செய்யும்.

8. கோவைக்கு இறங்கும்போது

போட்டிகள் பெரும்பாலும் கீழேதான். மூச்சு நமக்குச் சாதகம், வெயில் பாதகம். காலை ஏழு மணிக்கு ரிப்போர்ட்டிங் என்றால் அன்று விடியற்காலை பஸ்ஸில் இறங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். கல்லாறு வரைக்கும் வளைவு வளைவாக வந்து, வாந்தி எடுத்து, வெறும் வயிற்றோடு டிராக்கில் நிற்கிற பிள்ளையால் என்ன ஓட முடியும்? முந்தின நாள் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். இரவு தங்க இடம் கல்லூரியிலேயே ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும் கலந்து முதல் நாளிலிருந்தே குடியுங்கள். ஸ்வெட்டரைக் கழற்றிய உடம்பு கோவை வெயிலுக்குப் பழக ஒரு நாளாவது வேண்டும்.

அக்டோபர், நவம்பரில் மழைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் வழியே அடைபட்டுவிடும். அந்த மாதங்களில் போட்டி என்றால் கோத்தகிரி வழியும் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து, ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதாவது ஏ.ஐ.யூ., நடத்தும் போட்டிகளுக்குத்தான் இந்த அணி போகும். கால்பந்து, கபடி, வாலிபால் போன்றவற்றில் முதலில் தென் மண்டலம், அதில் தேறினால் அகில இந்தியா. தடகளத்தில் நேராக அகில இந்தியப் போட்டிதான்.

தகுதி விதிகள் கறார். அந்தக் கல்வி ஆண்டின் ஜூலை 1 அன்று 17 வயது நிறைந்து 25 தாண்டாமல் இருக்க வேண்டும். முழுநேர மாணவராக இருக்க வேண்டும். தொலைதூரக் கல்வி, வேலையில் இருந்துகொண்டு படிப்பது இரண்டும் செல்லாது. பிளஸ் டூ முடித்துப் பல ஆண்டு எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டு மறுபடி படிக்க வந்தவர்கள், சேரும் முன்பே உடற்கல்வி இயக்குநரிடம் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணியோடு போனால் பயணச் செலவும் படியும் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். பழக்கமில்லாத ஊர், ரயிலில் இரண்டு நாள், வேறு சாப்பாடு. வடக்கே டிசம்பர், ஜனவரியில் விழும் குளிரைப் பார்த்துக் கீழ்நாட்டுப் பிள்ளைகள் மிரள்வார்கள். உறைபனியில் ஓடிப் பழகிய நமக்கு அது வீட்டு முற்றம்.

10. ஓ.டி., வருகைப்பதிவு, அரியர்

விளையாடப் போகிற ஒவ்வொரு நாளுக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தைப் போகும் முன்பே துறைத்தலைவரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கொடுத்தால் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்கமாட்டார்கள். 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது என்ற கத்தி எப்போதும் தலைக்கு மேல் உண்டு. இன்டர்னல் தேர்வு நாளில் போட்டி வந்தால் மறுதேர்வுக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். நன்றாக ஆடுகிறான், அரியர் ஏழு என்று நிற்கிற பிள்ளைக்கு வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீடு இருந்தும் பயனில்லை, பட்டம் கையில் இல்லையே.

11. படிப்பு முடிந்து கிளம்பும் முன்

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசு வேலைக்கு அதே விவரம் படிவம் 3-இல், பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பில் இருக்கும் அதிகாரி கையொப்பத்தோடு வேண்டும். பள்ளித் தேசியப் போட்டிக்குப் படிவம் 4. மாநில அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்கான படிவங்கள் தனி. மூன்றாம் ஆண்டு கடைசி செமஸ்டரிலேயே, உங்களை அணியில் கூட்டிப்போனவர்கள் அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே, இந்தப் படிவங்களை நிரப்பிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஆள் மாறிவிட்டால் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்வார்கள். வாங்கிய படிவத்தையும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லேமினேட் செய்யாமல் அதே கோப்பில் வையுங்கள்.